வோக்கரா, நடைவண்டிலா, முற்றத்து மணலா?

பிள்ளைக்கு ஒரு வயது நெருங்கினால் வன்னியில் அநேக வீடுகளில் ஒரே கதைதான். "இன்னும் நடக்கேல்லையோ?" என்று பக்கத்து வளவு ஆச்சி கேட்பார். கனடாவில் இருக்கிற மாமா, "பிறந்தநாளுக்குக் காசு போட்டுவிடுறன், பிள்ளைக்கு நல்லதா ஏதும் வாங்குங்கோ" என்பார். அந்தக் காசோடு கிளிநொச்சி டவுனுக்கோ வவுனியா பஜார் வீதிக்கோ போனால், கடை வாசலில் தொங்குகிற வோக்கர்தான் முதலில் கண்ணில் படும். பாட்டுப் பாடும், லைட் மின்னும், பிள்ளையை உள்ளே வைத்தவுடன் ஓடித் திரியும். வாங்கிவிடுவார்கள்.

முன்பள்ளியில் படிப்பிக்கிறவள் என்பதால், வாங்குவதற்கு முன் என்னிடம் வந்து கேட்கிற தாய்மாரும் உண்டு. வோக்கர் நல்லதா, தச்சரிடம் சொல்லி நடைவண்டில் செய்விக்கவா, மூன்று சில்லுச் சைக்கிள் என்றால் பிறகும் உதவுமே, ஒன்றும் வாங்காமல் விட்டால் பிள்ளை பின்தங்கிவிடுமா? அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உடல் வளர்ச்சி மட்டும்தான் பேச்சு. எழுத்து, எண் எல்லாம் வேறு விஷயம்.

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: விளையாடும் நேரத்தில் வேலை செய்வது பிள்ளையின் உடம்பா, அந்தப் பொருளா? பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி, உங்கள் வீட்டில் பகலில் பிள்ளையோடு இருப்பது யார் என்பதைப் பொறுத்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் வருடம்: வோக்கர், நடைவண்டில், வெறும் பாய்

வோக்கரில் இருக்கிற பிள்ளையின் கால்களை ஒருமுறை குனிந்து பாருங்கள். இடுப்பு துணி இருக்கையில் தொங்கிக்கொண்டிருக்கும். குதிக்கால் நிலத்தில் படாது. விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டுத் தொட்டுத் தள்ளும். முன்னால் இருக்கிற தட்டு மறைப்பதால் பிள்ளைக்குத் தன் கால் தெரியாது. நடை பழகுவதென்றால் உடம்பின் பாரத்தைக் காலில் தாங்க வேண்டும், அந்தப் பாரத்தை ஒரு காலில் இருந்து மற்றக் காலுக்கு மாற்ற வேண்டும், சாயும்போது இடுப்பையும் முதுகையும் இறுக்கி நிமிர வேண்டும். இந்த மூன்றையும் துணியும் சில்லும் செய்து கொடுத்துவிடுகின்றன. பிள்ளை நகர்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் சங்கம் வோக்கர் பிள்ளையைச் சீக்கிரம் நடக்க வைக்காது, நடையைப் பிந்த வைக்கவும் கூடும் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. 2018இல் அதன் சஞ்சிகையில் வந்த ஆய்வு ஒன்றின்படி, 1990 தொடக்கம் 2014 வரை அந்த நாட்டில் மட்டும் பதினைந்து மாதத்துக்குக் குறைந்த இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் வோக்கர் விபத்துகளால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கிறார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ காயம். முக்கால்வாசிப் பேர் படிக்கட்டில் இருந்து உருண்டவர்கள். கனடா 2004 ஏப்ரலில் வோக்கர் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் விளம்பரம் செய்வதையும் முற்றாகத் தடை செய்தது. பழையதை இன்னொருவருக்கு விற்பதும் அங்கே குற்றம். மாமா இருக்கிற நாட்டில் வாங்க முடியாத பொருளை, அவர் அனுப்பிய காசில் இங்கே வாங்க வேண்டாம்.

"எங்கட வீட்டில படிக்கட்டு இல்லையே, டீச்சர்" என்று பலர் சொல்வார்கள். விறாந்தையை மறந்துவிடுகிறார்கள். மாரி வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்திக் கட்டிய வீடுகள்தான் எங்கள் பக்கம் அதிகம். விறாந்தை விளிம்பில் இருந்து முற்றத்துக்கு இரண்டு மூன்று படி இறங்க வேண்டும். காற்றுக்காக முன்கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். வழுவழுப்பான சீமெந்துத் தரையில் வோக்கர் அந்த விளிம்புக்குப் போய்ச் சேர நாலைந்து விநாடி போதும். குசினிப் பக்கமும் அப்படித்தான். தவழ்கிற பிள்ளைக்கு எட்டாத சோற்றுப் பானையின் பிடி, வோக்கரில் நிமிர்ந்து நிற்கிற பிள்ளைக்கு எட்டும்.

ஆகவே வோக்கர் விஷயத்தில் நான் நடுநிலையாக இல்லை. வேண்டாம்.

நடைவண்டில் வேறு. பிள்ளை பின்னால் நின்று பிடித்துத் தள்ளுகிற மூன்று சில்லு மர வண்டில். பாரம் பிள்ளையின் காலில்தான், குதிக்கால் நிலத்தில் பதிகிறது, விழுந்தால் எழும்புவதும் பிள்ளையின் வேலை. ஊர்த் தச்சரிடம் சொன்னால் மிஞ்சிய பலகையிலேயே செய்து தருவார். சொல்லும்போது சிலதைக் கவனியுங்கள். பிடி பிள்ளையின் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்க வேண்டும். அடிப்பலகை அகலமாக இருக்க வேண்டும். சில்லு இலகுவாக உருளக் கூடாது, கொஞ்சம் இறுக்கமாக உருண்டால்தான் வண்டில் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடாது. முன்பக்கம் பாரம் குறைந்தால் பிள்ளை பிடித்து எழும்பும்போது வண்டில் பின்னால் கவிழ்ந்து முகத்தில் விழும். அடிப்பலகையில் ஒரு செங்கல்லைக் கட்டிவிட்டால் அந்தப் பயம் இல்லை. மரத்தை நன்றாகச் சீவி, விளிம்பை உருட்டி, பெயின்ற் அடிக்காமல் விடுவது நல்லது. எப்படியும் பிள்ளை அதைக் கடிக்கும்.

ஆனால் நடைவண்டிலுக்கும் ஒரு காலம் உண்டு. கதிரையையோ கட்டிலையோ பிடித்துத் தானாக எழும்பி நிற்கத் தொடங்கிய பிள்ளைக்குத்தான் அது. அதற்கு முந்திய மாதங்களில் பாயை வெல்ல ஒன்றும் இல்லை.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று வகுத்தார்கள்: இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆடுகிற பருவம். குப்புறக் கிடக்கிற பிள்ளை செய்கிற இந்த வேலைதான் கழுத்து, தோள், முதுகு எல்லாவற்றுக்கும் அடித்தளம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே கேட்கிறது: இன்னும் நகரத் தொடங்காத பிள்ளையை, விழித்திருக்கும்போது, நாள் முழுவதிலும் பிரித்துப் பிரித்து மொத்தமாக 30 நிமிடமாவது குப்புறக் கிடத்த வேண்டும். ஒரே மூச்சில் அரை மணித்தியாலம் என்று நினைத்துப் பிள்ளையை அழ வைக்க வேண்டாம். தொடக்கத்தில் இரண்டு நிமிடம் போதும். குளிக்க வார்த்த பிறகு ஒருமுறை, உடுப்பு மாற்றும்போது ஒருமுறை, அப்பாவின் நெஞ்சில் ஒருமுறை. முன்னால் ஒரு கண்ணாடியையோ, உள்ளே நாலு கல் போட்டு மூடியை இறுக்கிய பால்மாப் பேணியையோ வையுங்கள். தலை தானாக நிமிரும். நித்திரைக்கு மட்டும் மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும்.

அதே வழிகாட்டல், சின்னப் பிள்ளைகளை ஒரே தடவையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அசைய முடியாமல் கட்டிப்போட்டோ அடக்கியோ வைக்கக் கூடாது என்கிறது. ஏணையும் இதில் சேரும் என்பது என் எண்ணம்.  விழித்துக் கை காலை அடிக்கத் தொடங்கிய பிள்ளையை "அழாமல் கிடக்குது" என்று அதிலேயே ஆட்டிக்கொண்டிருக்க வேண்டாம். இறக்கி விடுங்கள்.

பாய்க்கு விலை இல்லை என்றாலும் செலவு இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரியவர்களின் நேரம்தான் அதன் செலவு. உண்மையைச் சொன்னால், பல தாய்மார் வோக்கர் வாங்குவது பிள்ளை நடக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை, சமைக்கிற அந்த ஒரு மணித்தியாலம் பிள்ளையை எங்கே விடுவது என்பதற்காகவும்தான். அது நியாயமான கேள்வி. அதற்கு என் பதில், அறை வாசலுக்குக் குறுக்கே தொடையளவு உயரத்தில் ஒரு பலகை. தாய் காலைத் தூக்கிக் கடந்துபோகலாம், பிள்ளையால் முடியாது. அறைக்குள் ஒரு பாய், கவிழ்த்து வைத்த பேசின், இரண்டு தலையணை, அகப்பை, மூடிகள். அந்தத் தலையணையில் ஏறி இறங்குவதில் பிள்ளைக்குக் கிடைக்கிற பயிற்சி எந்தக் கடைச் சாமானிலும் கிடையாது. தாயின் குரல் கேட்கிற தூரத்தில் அந்த அறை இருக்க வேண்டும்.

நடை பிந்துகிறது என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆரோக்கியமான பிள்ளைகள் பிடிக்காமல் நடக்கத் தொடங்குவது 8 மாதம் கழிந்ததில் இருந்து 17 மாதம் கழியும் வரைக்கும் பரந்து கிடக்கிறது. 100 பேரில் நாலு பேர் அளவில் கை, முழங்கால் ஊன்றித் தவழாமலே நடந்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தால் நடக்கட்டும். அதேநேரம், 9 மாதம் கடந்தும் தானாக உட்காராவிட்டால், ஒன்றரை வயதாகியும் நடக்காவிட்டால், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றக் கையைச் சும்மா விட்டால், உடம்பு விறைத்தோ துவண்டோ தெரிந்தால், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு உடனே குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆகத் தவறான மருந்து வோக்கர்தான். பிள்ளை ஓடித் திரிவதைப் பார்த்துப் பெற்றோரும் சமாதானமாகி, காட்ட வேண்டிய மாதங்கள் வீணாகப் போய்விடும்.

ஒன்றரை வயதுக்குப் பிறகு: மணல், ஊஞ்சல், பிளாஸ்டிக் சறுக்கு

ஒரு வயதில் இருந்து நாலு வயது வரையான பிள்ளை நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும். மூன்று, நாலு வயதில் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாடுவதாக இருக்க வேண்டும். இதுவும் அந்த 2019 வழிகாட்டல் சொல்வதுதான். மூன்று மணித்தியாலம் என்றால் மலைக்க வேண்டாம். முற்றம் இருக்கிற வீட்டில் கதவைத் திறந்துவிட்டால் பிள்ளை மத்தியானத்துக்கு முன்பே முடித்துவிடும்.

இந்த வயதுக்குக் கடைகளில் கண்ணில் படுவது பிளாஸ்டிக் சறுக்கு. பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. ஏறுவது காலுக்கு நல்லது, சறுக்குவது பயத்தைப் போக்கும். ஆனால் எங்கள் வெயிலில் வெளியே வைத்தால் பிளாஸ்டிக் நிறம் வெளுத்து நொறுங்கத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் பத்து மணிக்குப் பிறகு அதில் பிள்ளையை இருத்தினால் தொடை சுடும். அதைவிட, ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். பழகிய பிறகு பிள்ளைக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. வவுனியா நகரில் முற்றமே இல்லாத வாடகை வீட்டில் இருப்பவர்கள் விறாந்தையில் வைக்க வாங்கலாம். வளவு இருக்கிறவர்களுக்கு அது தேவையில்லை.

ஊஞ்சலுக்கு வேப்பமரமோ மாமரமோ இருந்தால் போதும். ஆனால் யாரோ தள்ள, பிள்ளை சும்மா இருந்து ஆடினால் வேலை செய்வது தள்ளுகிறவர். அதற்காக ஊஞ்சல் வீண் என்று சொல்லவில்லை. ஆடும்போது காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு பழகுகிறது, கை கயிற்றை இறுக்கிப் பிடிக்கப் பழகுகிறது. பலகையைப் பிள்ளையின் முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் கட்டிப் பாருங்கள். வயிற்றைப் பலகையில் வைத்துக் குப்புறப் படுத்து, காலால் நிலத்தை உந்தித் தானே ஆடும். அப்போது முழு உடம்பும் வேலை செய்யும். பலகைக்குப் பதில் பழைய ரயர் கட்டுகிறவர்கள் அடியில் இரண்டு மூன்று ஓட்டை போடுங்கள். மாரியில் ரயருக்குள் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அதுவே வீடு.

இப்போது மணல். என்னைக் கேட்டால் இந்த வயதுக்கு இதுதான் முதலாவது.

இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று சிரட்டையில் மணல் அள்ளுவதை நின்று பாருங்கள். முதலில் குந்துகிறது. குதிக்கால் இரண்டும் நிலத்தில் பதிந்து, பின்பக்கம் நிலத்தைத் தொடாமல் நிற்கிறது. வலக் கையால் அள்ளி இடக் கையில் இருக்கிற சிரட்டையில் போடுகிறது. நிரம்பியதும் எங்கேயும் கை ஊன்றாமல் எழும்புகிறது, இரண்டு கையும் சிரட்டையில் இருப்பதால் ஊன்ற வழியில்லை. பிறகு மணல் சிந்தாமல் வாளி இருக்கிற இடத்துக்கு நடக்கிறது. கண் சிரட்டையில், கால் தானாக மேடு பள்ளம் பார்த்து வைக்கிறது. கொட்டிவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் குந்துகிறது. இதை ஒருவரும் சொல்லாமலே இருபது முப்பது தடவை செய்யும். தொடை, இடுப்பு, தோள், மணிக்கட்டு, விரல், சமநிலை, கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்வது எல்லாம் ஒரே விளையாட்டில். மணலை நனைத்தால் வேறு விளையாட்டு: பிசைவது, தட்டுவது, வீடு கட்டுவது, குழி தோண்டுவது. பென்சில் பிடிக்கத் திணறுகிற பிள்ளைகளை நான் முன்பள்ளியில் முதலில் விடுவது நனைந்த மணலில்தான். எழுத்துக் கொப்பி பிறகு.

எப்படி அமைப்பது? மர நிழலில் ஒரு பாய் அளவு இடம். சுற்றிவரத் தென்னங்குற்றி அல்லது செங்கல். ஒரு சாண் ஆழத்துக்கு மணல். முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் மணலுக்குப் பஞ்சமில்லை. கிளிநொச்சி, மல்லாவிப் பக்கத்துச் செம்மண் வளவுகளில், வீட்டு வேலை நடக்கிற இடத்தில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி அரித்துப் போடலாம். இரவில் பழைய சாக்கு அல்லது தறப்பாளால் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூனையும் நாயும் அசுத்தம் செய்யும். விளையாடி முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், பூச்சி மருந்து பற்றிக் கிளினிக்கில் கேட்க வேண்டும். வெறுங்காலோடு விளையாடுவது பாதத்துக்கு நல்லது, அதற்கு முதல் நெருஞ்சி முள்ளைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும்.

வாங்கிய சாமான் என்று பார்த்தால் ஒரு வாளி, ஒரு பழைய கரண்டி. மீதி சிரட்டை, பிளாஸ்டிக் போத்தல், நுங்குக் கோம்பை. இரண்டு கோம்பையைத் தடியில் கோத்து வண்டில் செய்து கொடுத்தால் பிள்ளை அதைத் தள்ளிக்கொண்டு வளவு முழுக்க ஓடும்.

மூன்று வயதில் சைக்கிள்

மூன்று சில்லுச் சைக்கிளா, பக்கச் சில்லுப் பூட்டிய சின்னச் சைக்கிளா என்று கேட்பார்கள். இரண்டும் பெடல் மிதிக்கப் பழக்கும். ஆனால் சைக்கிள் ஓடுவதில் கஷ்டமானது மிதிப்பது இல்லை, விழாமல் நிமிர்ந்து பிடிப்பதுதான். அதை மூன்றாவது சில்லும் பக்கச் சில்லும் பிள்ளைக்காகச் செய்துவிடுகின்றன. அதனால் மூன்றாவது வழி ஒன்றைச் சொல்கிறேன்: ஆகச் சின்ன அளவு, அதாவது 12 அங்குலச் சில்லுச் சைக்கிளை, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்கி, பக்கச் சில்லையும் இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். இருக்கையை இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பதிகிற அளவுக்கு இறக்குங்கள். பிள்ளை காலால் உந்தி உந்திப் போகும். சில கிழமையில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் மிதந்து போகும். அதற்குப் பிறகு பெடலைப் பூட்டிக் கொடுத்தால் மிதிப்பது ஒரு பிரச்சினையே இல்லை. கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வலப்பக்கப் பெடல் வழமைபோல இடஞ்சுழியாகக் கழரும், இடப்பக்கப் பெடலின் மரை எதிர்ப்பக்கம், வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். தெரியாமல் பலம் போட்டு மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

செம்மண் ஒழுங்கையில் மூன்று சில்லுச் சைக்கிளின் சின்னப் பிளாஸ்டிக் சில்லு புதைந்து நின்றுவிடும். சீமெந்து விறாந்தைக்குத்தான் அது சரி, அங்கேயும் விளிம்பு இருக்கிறது. ஆகவே வளவிலும் ஒழுங்கையிலும் ஓட்டுகிறவர்கள் அதை வாங்கத் தேவையில்லை.

பெண் பிள்ளைக்கும் இதே சைக்கிள்தான். பிள்ளைத்தமிழில் ஆண் பிள்ளைக்குச் சிறுதேரும் பெண் பிள்ளைக்கு ஊசலும் என்று பிரித்து வைத்த வழக்கம் இன்னும் வீடுகளில் இருக்கிறது. மகனுக்குச் சைக்கிளும் பந்தும், மகளுக்குப் பொம்மையும் சட்டி பானையும். அவளுடைய எலும்புக்கும் ஓட்டமும் பாய்ச்சலும் வேண்டும். மரம் ஏறினால் திட்ட வேண்டாம், கீழே நில்லுங்கள்.

போன்

இதில் ஒப்பிட அதிகம் இல்லை. இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டு வயதில் இருந்து நாலு வயது வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று அதே வழிகாட்டல் சொல்கிறது. போனைக் கொடுத்தால் பிள்ளை சாப்பிடும், அழாது, ஓரிடத்தில் இருக்கும். ஓரிடத்தில் இருப்பதுதான் பிரச்சினை. மாமாவோடும் சித்தியோடும் வீடியோவில் கதைப்பதை நான் இதில் சேர்க்க மாட்டேன். அது உறவு.

மாரி வந்தால்

ஐப்பசியில் இருந்து தை வரை முற்றம் சேறும் தண்ணீரும். இந்த மாதங்களில்தான் போன் கைக்குப் போகும். வீட்டுக்குள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தரையில் சோக்கால் கோடு கீறி அதன்மேல் நடக்க விடலாம். நாலு வயதுப் பிள்ளைக்கு எட்டுக்கோடு கீறிக் கொடுத்தால் கெந்தப் பழகும். பழைய சாறத்தைச் சுருட்டிக் கட்டிய பந்து ஓட்டையும் உடைக்காது, கண்ணாடியையும் உடைக்காது. நெல்லுச் சாக்கில் பிள்ளையை இருத்தி இழுக்கலாம், பிறகு பிள்ளை தலையணையை இருத்தி இழுக்கட்டும். இழுப்பதில்தான் பலன்.

கைவிரலுக்குக் குசினியை விடச் சிறந்த இடம் இல்லை. முருங்கையிலை உருவுவது, பயிற்றங்காய் முறிப்பது, புட்டுக்கு மா குழைப்பது, சுளகில் பரப்பிய உளுந்தில் கல் பொறுக்குவது. மூன்று வயதில் கொடுத்தால் பாதி நிலத்தில் சிந்தும், சிந்தட்டும். கச்சான் உடைக்கக் கொடுப்பதாக இருந்தால் பக்கத்தில் இருந்து, பருப்பைப் பிள்ளையின் வாய்க்குப் போக விடாமல் பாருங்கள். இந்த வயதில் முழுக் கச்சான் மூச்சுக்குழாயில் சிக்கும். புளியங்கொட்டையும் அப்படித்தான். குண்டுமணியும் அலரி விதையும் விளையாட்டுச் சாமானே இல்லை. இரண்டும் நஞ்சு. வேலியில் அலரி நிற்கிற வீடுகளில் சின்னப் பிள்ளை இருந்தால் விழுந்த காயைத் தினமும் கூட்டி அள்ளுங்கள், முடிந்தால் மரத்தையே வெட்டிவிடுங்கள்.

காசை எதில் போடுவது

இதுவரை சொன்னதைப் பார்த்தால் பாய், மணல், சிரட்டை என்று ஏறக்குறைய எல்லாமே செலவில்லாதவை. அப்படியானால் மாமா அனுப்பிய காசை என்ன செய்வது? வளவைக் காவல் செய்யுங்கள் என்பேன். விளையாட்டுச் சாமான் கடையில் இது விற்பதில்லை, ஆனால் பிள்ளையின் உடம்பு வளர இதைவிட உதவுகிற செலவு எனக்குத் தெரியவில்லை. முற்றம் பயமில்லாத இடமாக இருந்தால்தான் பெரியவர்கள் பிள்ளையை விடுவார்கள். பயம் இருந்தால் தூக்கி வைத்திருப்பார்கள், அல்லது போனைக் கொடுத்து இருத்துவார்கள்.

முதலில் கிணறு. கட்டு இல்லாத கிணறோ, பிள்ளை ஏறக்கூடிய தாழ்ந்த கட்டோ இருந்தால் வேறு எதையும் வாங்க வேண்டாம், அதைக் கட்டி இரும்பு வலை மூடி போடுங்கள். கட்டுக்குப் பக்கத்தில் வாளி, கல், கதிரை என்று ஏறுவதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது. தண்ணீர் நிரம்பிய பேசினும் வாளியும் கூடச் சின்னப் பிள்ளைக்கு ஆபத்துத்தான், விளையாடி முடிந்ததும் கவிழ்த்துவிடுங்கள்.

அடுத்தது படலையும் வேலியும். எங்கள் பக்கம் முட்கம்பி வேலிதான் அதிகம். நடக்கத் தொடங்கிய பிள்ளையின் கண் மட்டத்தில் முள் நிற்கும். உள்பக்கமாகப் பனைமட்டை அடைக்கலாம், கிடுகு கட்டலாம், கரையோரத்தில் பழைய மீன் வலையே போதும். படலை தானாகச் சாத்திக்கொள்ளும்படி ஒரு பாரம் கட்டிவிடுங்கள். வாய்க்கால், குளம், ஏ-9 வீதி, எது பக்கத்தில் இருந்தாலும் இந்தப் படலைதான் பிள்ளைக்குக் காவல்.

மூன்றாவது, வளவைக் கூட்டித் துப்புரவாக வைப்பது. விறகுக் குவியல், ஓட்டுக் குவியல், பற்றை எல்லாம் விரியனும் புடையனும் கிடக்கிற இடங்கள். மணல் இடம் அவற்றில் இருந்து தள்ளி, வீட்டு வாசலில் இருந்து கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். எங்கள் மண்ணுக்கே உரிய இன்னொன்றும் உண்டு. 2009க்குப் பிறகு பெரும் பகுதி துப்புரவாக்கப்பட்டுவிட்டாலும் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. புதிதாகக் கிண்டிய மண்ணை மணல் இடத்துக்குப் போட வேண்டாம். தெரியாத இரும்புச் சாமானைத் தொடக் கூடாது, ஓடி வந்து சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைக்குப் பேச்சு வந்தவுடனேயே பழக்குங்கள். கண்டால் நீங்களும் தொடாமல் பொலிஸுக்கோ கிராம சேவகருக்கோ அறிவியுங்கள்.

வீட்டுக்கு வீடு

தாய் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய், அம்மம்மா பிள்ளை பார்க்கிற வீடுகள் இப்போது நிறைய. அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம், பிள்ளைக்குப் பின்னால் ஓட முடியாது. இந்த வீட்டுக்குத்தான் பலரும் வோக்கரைச் சிபாரிசு செய்வார்கள், இந்த வீட்டுக்குத்தான் அது ஆகக் கூடாது, விறாந்தை விளிம்புக்கு ஓடுகிற வோக்கரை அம்மம்மாவால் எட்டிப் பிடிக்க முடியாது. இங்கே அடைத்த வளவும் மணலும்தான் சரி. அம்மம்மா நிழலில் கதிரையைப் போட்டு இருந்து பார்த்துக்கொள்ளலாம். காலை ஒன்பதரை வரை, பிறகு பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. நடு வெயிலில் அறைக்குள் பாய்.

நகரத்து வாடகை வீட்டில் முற்றம் இல்லாதவர்கள் நடைவண்டிலையும் சாறப் பந்தையும் வைத்துக்கொண்டு, பின்னேரத்தில் பிள்ளையை வெளியே நடத்திக் கூட்டிப்போங்கள். தூக்கிக்கொண்டு போகாமல் நடத்திப் போவது முக்கியம். கடைக்குப் போக இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். இவர்களுக்கு மட்டும் பெடல் கழற்றிய சைக்கிளை நாலு வயது வரை தள்ளிப்போடச் சொல்வேன், ஓட்டப் பாதுகாப்பான இடம் இல்லை என்பதால்.

தகப்பனோ தாயோ போரில் கால், கை இழந்த வீடுகளும் எங்களிடையே உண்டு. பிள்ளையோடு ஓடி விளையாட முடியவில்லையே என்று அவர்கள் வருந்துவதை நான் கேட்டிருக்கிறேன். பாயில் பிள்ளையோடு படுத்திருந்து செய்கிற விளையாட்டுக்கு ஓட வேண்டியதில்லை. முதுகில் ஏறி இறங்க விடுவது, மடியில் நிற்க வைத்து ஆட்டுவது, நிலத்தில் இருந்து பந்தை உருட்டி உருட்டி வாங்குவது எல்லாம் முதல் மூன்று வருடத்துக்குப் பிள்ளைக்கு மிகவும் வேண்டியவை. இந்த வீட்டில் காசு இருந்தால், பெரியவரும் வசதியாக இறங்கி இருக்கக்கூடிய தடித்த மெத்தைப் பாய் ஒன்றை வாங்குவேன். அதற்குப் பிறகு மணல் இடத்தின் ஓரத்தில், அவர் இருந்தபடியே பிள்ளைக்குக் கை கொடுக்கக்கூடிய உயரத்தில், ஒரு தென்னங்குற்றியைப் போடுவேன்.